பாக்காவ் காட்டில் விழுந்த புள்ளி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெர்த்திலிருந்து போன் செய்தபோது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டீங்களா என்றாய், மருந்து போடுறீங்களா என்றாய், அக்கா வந்து பாத்துச்சா என்றாய். எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது. நமக்குள் அது எப்போதும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கேட்க நினைத்தது இதுதான். உன் அம்மாவின் அஸ்தியைக் கரைத்த அன்று அந்த இடத்தை உன் கையடக்கக் கருவியில் பதிந்து வைத்தாய் அல்லவா? அந்தப் பதிவு இன்னும் இருக்கிறதா, அழித்துவிட்டாயா?

சின்னக் கேள்விதான். ஆனால் கேட்டால் நீ ஏன் என்பாய், அதற்குப் பதில் சொல்லப் போனால் எனக்கு அழுகை வந்துவிடும். கடிதம் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவி வரலாம். டாக்டர் என் இதயத்தைப் பற்றி உன் அக்காவிடம் தனியாகப் பேசினார். என்னை வெளியே உட்காரச் சொன்னபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளியே வந்த அக்கா சிரித்த சிரிப்பில் மீதியும் புரிந்தது. பயமெல்லாம் இல்லை. எனக்கு ஒரே ஓர் ஆசை. உன் அம்மாவைக் கரைத்த இடத்திலேயே என்னையும் கரைக்க வேண்டும். அந்த இடம் எது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

போர்ட் கிள்ளானில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுகளைக் கப்பலில் கொண்டுபோய் விடும் லாஞ்சுப் படகை ஓட்டியே தலை நரைத்தவனுக்கு இடம் தெரியவில்லையா என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள். அந்தச் சிரிப்பை நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

துணிக்கொடிச் சம்பவம் நினைவிருக்கிறதா? பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் படகுக் கருவிகள் விற்கும் அந்தக் கம்பெனியில் நீ சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினாய். "அம்மா, இதுக்குள்ள மலாக்கா நீரிணை முழுக்க இருக்கு. நம்ம எங்க நிக்கிறோமோ அங்க ஒரு புள்ளி காட்டும்" என்றாய். சாப்பாட்டு மேசையில் வைத்தாய், அது ஒன்றும் காட்டவில்லை. வானம் தெரிய வேண்டும் என்று கொல்லைப்புறம் தூக்கிக்கொண்டு போனாய். அங்கே உன் அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நம் குவார்ட்டர்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். வெகுநேரம் கழித்துப் புள்ளி வந்தது. வந்த புள்ளி வீட்டில் நிற்கவில்லை. மேற்கே தள்ளி, தண்ணீரில் நின்றது.

உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, நம்ம வீட்டைத் தூக்கித் தண்ணில போட்டுட்டான்லா! துணியெல்லாம் நனைஞ்சிடும்" என்று ஈரத் துணியை அவசர அவசரமாக எடுப்பதுபோல் நடித்தாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு, "அமெரிக்காக்காரன் சாட்டிலைட் சிக்னலை வேணும்னே கலைச்சு அனுப்புறான்மா. அதான் கொஞ்சம் முன்ன பின்ன காட்டுது" என்று விளக்கம் சொன்னாய். நான் பேப்பரை மடிக்காமலேயே, "லாஞ்சு கொஞ்சம் முன்ன பின்ன போனா கல்லுல ஏறும்" என்றேன். அவள் உடனே உன் பக்கம் சேர்ந்துகொண்டாள். "நீங்க மட்டும் பொறந்தப்பவே லாஞ்சு ஓட்டினீங்களா? பிள்ள கத்துக்கிட்டு இருக்கு, சும்மா இருங்க."

சும்மா இருக்கச் சொன்னால் நான் என்றைக்கு இருந்திருக்கிறேன்.

உன் அம்மாவுக்குக் கடல் ஆகாது. துறைமுகத்தின் வாசலிலேயே குடித்தனம் நடத்தினாலும் படகில் கால் வைத்தால் வாந்தி. நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒருநாள் என் கூட்டாளி ஆ செங்கின் மீன்படகை இரவல் வாங்கிக்கொண்டு கெத்தாம் தீவுக்குப் போனோம். பாதி வழியில் அவள் முகம் வெளுத்து, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குக் கோடிப் புண்ணியமா போகும், எங்கயாவது நிறுத்துங்க" என்று கெஞ்சினாள். நான் படகைக் கிள்ளான் தீவின் ஓரத்துக்குத் திருப்பினேன். அங்கே சேற்றில் வேர் ஊன்றி நிற்கிற பாக்காவ் காடு காற்றை மறைத்துக்கொள்ளும். தண்ணீர் ஆடாமல் கிடக்கும். எஞ்சினை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு முகம் தெளிந்து, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து உங்களுக்கு ஊட்டினாள். "கடல்னா இப்படி இருக்கணும். இங்கயே இருந்துடலாம் போல இருக்கு" என்றாள். நாம் கெத்தாம் போகவேயில்லை, அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். நீ கெத்தாம் நண்டு சாப்பிட முடியவில்லை என்று அழுதாய்.

அதனால்தான் அவள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போன பிறகு, அஸ்தியை எங்கே கரைப்பது என்று குருக்கள் கேட்டபோது நான் யோசிக்கவில்லை. எல்லாரும் கரைக்கும் இடத்தில் வேண்டாம், அந்தக் காட்டோரம் போவோம் என்றேன். ஆ செங் அதே படகைக் கொண்டுவந்தான். கடைசிப் பிள்ளை நீ, கலயத்தை நீதான் மடியில் வைத்திருந்தாய். பாலும் பூவும் விட்டு, கலயத்தை நீருக்குள் சாய்த்தாய். குருக்கள் சொன்னார், "அவ்வளவுதான் தம்பி. இனிமே திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தா அந்த ஆத்மா போக மனசில்லாம நிக்கும்." படகு கரையை நோக்கித் திரும்பியது. நீ குனிந்து சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கருவியை எடுத்துப் பொத்தானை அமுக்கியதை நான் பார்த்தேன். அதில் படம் கிடையாது, வெறும் எண்கள்தான். எனக்குக் கோபம் பொங்கியது. "திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு சொல்றாரு, நீ இடத்தையே குறிச்சு வைக்கிறியா? உனக்கு அறிவு இருக்கா?" என்று குருக்கள் முன்னாலேயே கத்தினேன். நீ கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய்.

இப்போது ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே, முக்கியமாகக் குருக்களிடம். நானும் குறித்துக்கொண்டேன். படகு திரும்பியதும் எதிரே கிள்ளான் கரை. பழைய ரப்பர் ஆலையின் புகைபோக்கி ஆற்றுவாய் விளக்குக் கம்பத்துக்கு நேர் பின்னால் நின்றது. வலது பக்கம் வெள்ளை எண்ணெய்த் தொட்டி தீவின் மூக்கை உரசிக்கொண்டு தெரிந்தது. இந்த இரண்டும் இப்படி அமைகிற இடம் கடலில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். லாஞ்சுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் இடம் வைத்துக்கொள்வோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தே அவளைப் பிடித்து வைத்துக்கொண்டேன். நீ பொத்தானால் செய்ததை நான் கண்ணால் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் போகட்டும் என்று நம் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

அடுத்த வருஷம் திதிக்கு அங்கே போகலாம் என்று சொன்னது நீதான். கடலில் கரைத்த இடத்துக்கு யாரும் திரும்பப் போவதில்லை என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். நம் இருவருக்கும் அது காதில் விழவில்லை. கம்பெனியிலிருந்து படம் காட்டும் புதுக் கருவியை இரவல் வாங்கி வந்து, சின்னக் கருவியில் இருந்த எண்ணை அதில் ஏற்றினாய். "இன்னைக்கு நீ ஓட்டு" என்று ஆ செங் படகின் சுக்கானை உன்னிடம் கொடுத்தேன். உண்மையில் எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ திரையைப் பார்த்து ஓட்டினாய், நான் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வேகத்தைக் குறைத்த இடமும் என் புகைபோக்கி கம்பத்தின் பின்னால் வந்து நின்ற இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை நான் அன்றே வாய் திறந்து சொல்லியிருந்தால் நம் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

ஆனால் அப்போது நான் பார்த்தது உன் திரையை. அதில் உன் அம்மாவின் புள்ளி தண்ணீரில் இல்லை. காட்டுக்குள் இருந்தது. நம் படகும் காட்டுக்குள் ஏறி நின்றது. சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது, படத்தில் நாம் மரத்தின் மேல் நிற்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கம்மாவக் கொண்டுபோய்க் காட்டுல விட்டிருச்சுலா உன் கம்ப்யூட்டர். உயிரோட இருந்தப்ப காட்டுக்குள்ள கால் வைக்காதவ" என்றேன். அக்கா, "அப்பா, போதும்பா" என்றாள். உன் காது சிவந்துவிட்டது. "படம் தப்பா இருக்காதுப்பா. கடல் சார்ட்டைப் பாத்து அப்படியே ஏத்தினது. நான் அன்னைக்கு எடுத்த நம்பர்தான் தப்பு" என்றாய். உன் அம்மா இடம் தவறிக் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, படத்தில் நடுக்கால்வாய் எங்கே இருக்கிறதோ அங்கே நம் படகின் புள்ளி வரும்வரை படகைக் கிழக்கே திருப்பினாய். கிழக்கே சேற்றுத் திட்டு இருப்பது எனக்குத் தெரியும். தண்ணீரின் நிறம் மாறுவதும் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். திரையைப் பார்க்கிறவன் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

படகு மெத்தென்று உட்கார்ந்தது. அடிபட்டதுகூடத் தெரியவில்லை. வற்றம் வேறு, தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏற்றம் வரும்வரை படகு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அம்மாவுக்குப் படைக்கக் கொண்டுவந்த வடையும் பாயசமும் வெயிலில் வீணாகின. அக்கா தூவிய பூ தண்ணீரில் மிதக்கவில்லை, சேற்றில் ஒட்டிக்கொண்டது. சின்னச் சின்ன நண்டுகள் வந்து இதழ்களை வளைக்குள் இழுத்துக்கொண்டு போயின. நீ யாரிடமும் பேசாமல், அந்தச் சின்னக் கருவியை எடுத்துப் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தாய். "என்னடா பண்றே?" என்று கேட்டேன். நீ நிமிரவில்லை. "ஒண்ணும் இல்லப்பா. வேண்டாததை எடுக்கிறேன்" என்றாய்.

அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எதை எடுத்தாய் தம்பி?

அதற்குப் பிறகு ரிங்கிட் மதிப்பு விழுந்தது, உன் கம்பெனியை மூடினார்கள், நீ பெர்த்துக்குப் போனாய். எல்லாரும் வேலைக்காகப் போனாய் என்றுதான் நினைக்கிறார்கள். சுபாங் விமான நிலையத்தில் நீ என் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ வேலைக்காக மட்டும் போகவில்லை.

இந்த வருஷத் திதிக்கு நான் மட்டும் ஆ செங்குடன் போனேன். அவனுக்கும் வயதாகிவிட்டது, இரண்டு கிழவர்கள் ஒரு பழைய படகு. காட்டோரம் போனதும் நான் திரும்பிக் கரையைப் பார்த்தேன். புகைபோக்கி இல்லை. ஆலையை இடித்து நிலத்தை மட்டமாக்கிவிட்டார்கள். எண்ணெய்த் தொட்டியைத் தேடினேன். அதற்கு முன்னால் கண்டெய்னர்களை அடுக்கடுக்காக நிறுத்தி மறைத்துவிட்டார்கள். கம்பம் மட்டும் தனியாக நின்றது. பின்னால் எதுவும் இல்லாத ஒற்றைக் கம்பத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆ செங் எஞ்சினைத் தணித்துவிட்டு, "மானா?" என்று மலாயில் எந்த இடம் என்று கேட்டான். நான் இங்கும் அங்கும் பார்த்தேன். கடைசியில், "சினி லா, இங்கேதான்" என்று கை காட்டினேன். அது பொய். அவன் படகை நிறுத்தினான். நான் பூவைப் போட்டேன். யாருக்குப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. அவள் எங்கோ பக்கத்தில் இருக்கிறாள், நான் தப்பான இடத்தில் நின்று கும்பிடுகிறேன் என்று நினைத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ஆ செங் கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திரும்பி வந்து படகுத்துறைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது கடலை அளக்கிற அரசாங்கப் படகிலிருந்து ஒரு மலாய்ப் பெண் அதிகாரி கோப்பி குடிக்க வந்தார். உன் வயதுதான் இருக்கும். மனம் கேட்காமல் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பாக்சிக், பாக்சிக் என்று மாமா முறை வைத்து மரியாதையாகப் பேசினார், பொறுமையாக விளக்கினார். பழைய சார்ட்டுகளை அளந்தவர்கள் ஒரு புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்கினார்கள், சாட்டிலைட் வேறு புள்ளியிலிருந்து அளக்கிறது. ஒரே வீட்டை ஒருவர் வாசற்படியிலிருந்தும் இன்னொருவர் வேலியிலிருந்தும் அளப்பதுபோல. இரண்டும் சரிதான், ஆனால் ஒருவர் கணக்கை இன்னொருவர் படத்தில் போட்டால் இடம் தள்ளிப்போகும். உன் கருவிக்குள் ஏற்றியது அந்தப் பழைய சார்ட். அதைத் திருத்தாமல் அப்படியே ஏற்றிவிட்டார்கள். "அமெரிக்கர்கள் கலைப்பதாலும் புள்ளி ஆடுமே?" என்று கேட்டேன். "ஆடும் பாக்சிக். ஆனால் கலைந்த சிக்னல் ஒருநேரம் இந்தப் பக்கம், ஒருநேரம் அந்தப் பக்கம் ஆடும். படத்தின் தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் தள்ளும். இங்கே மேற்கே" என்றார்.

மேற்கே என்றதும் நான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நம் வீட்டை மேற்கே தள்ளித் தண்ணீரில் போட்டது. உன் அம்மாவை மேற்கே தள்ளிக் காட்டில் போட்டது. இரண்டும் ஒரே தவறு. துணிக்கொடி அடியிலேயே அது நமக்கு முன்னால் வந்து நின்றது. நீ அதைச் சிக்னல் மேல் போட்டாய், நான் அதை உன் மேல் போட்டேன். படத்தை யாருமே சந்தேகப்படவில்லை. உன் எண் சரியாகத்தான் இருந்தது, தம்பி. நீ அம்மாவைத் தொலைக்கவில்லை.

நீ அங்கேயும் படகுகளோடுதான் வேலை செய்கிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன், அறிவுரை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. திரை வழவழப்பாக இருக்கிறது என்பதற்காக அதற்குக் கீழே கிடக்கும் அளவும் புதிது என்று நம்பிவிடாதே. யார் அளந்தது, எப்போது அளந்தது, எங்கேயிருந்து அளந்தது என்று கேள். படத்தைப் பெரிதாக்கினால் கோடுதான் பெரிதாகும், தெரிந்த விஷயம் கூடாது. சேறு நகர்வது எந்தப் படத்துக்கும் உடனே தெரியாது. திரை ஒன்று சொல்லி, வெளியே கண் இன்னொன்று சொன்னால் வேகத்தைக் குறை, கயிறு விட்டு ஆழம் பார். என் கண்ணையும் பெரிதாக நம்பிவிடாதே. என் கண் நம்பியது ஒரு புகைபோக்கியை. அதை ஒரு மத்தியானத்தில் இடித்துவிட்டார்கள். மனிதர்கள் விஷயத்திலும் இதே கதைதான். நான் உன்னைப் பற்றி வைத்திருந்த படம் நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அளந்தது. அதைத் திருத்தாமலேயே உன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு, நீ இடம் தவறி நிற்பதாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

ஆகையால் இப்போது அவள் இருக்கும் இடம் தெரிந்தது இந்த உலகத்தில் உன் கையடக்கக் கருவிக்கு மட்டும்தான். பேட்டரி செத்துக் கிடந்தால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அதை எங்காவது பெட்டியில் போட்டிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பார். அன்றைக்கு அழித்துவிட்டாய் என்றால் அழித்துவிட்டேன் என்று சொல்லிவிடு. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இருக்கிறது என்று சொல்லாதே. நான் ஆ செங்கிடம் சொன்ன பொய்யே நம் குடும்பத்துக்குப் போதும். தண்ணீர் எல்லாம் ஒன்றுதான், எங்கே கரைத்தால் என்ன என்று குருக்கள் சொல்வார். அவருக்கு அப்படி இருக்கலாம். அவளுக்கு ஆடுகிற தண்ணீர் ஆகாது. அந்த ஓரத்தில்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இருக்கிறது என்றால், முடிந்தால் நான் இருக்கும்போதே ஒருமுறை வா. நீ ஓட்டு. நான் வாயை மூடிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து தண்ணீரின் நிறத்தை மட்டும் பார்க்கிறேன். இந்தத் தடவை நிறம் மாறினால் சொல்லிவிடுவேன். வர முடியாமல் போனால், அடுத்த முறை நீ வரும்போது உன் மடியில் நான் இருப்பேன். அப்போது நீ எண்ணைப் பார்த்துப் போ. திரை உன்னைக் காட்டுக்குள் ஏற்றிக் காட்டும், காட்டட்டும், நீ படகைத் திருப்பாதே. எண் சொல்கிற இடத்தில் எஞ்சினை நிறுத்து. தண்ணீர் ஆடாமல் கிடந்தால் அது அவள் இடம்தான்.

கரைத்து முடித்ததும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று குருக்கள் சொல்வார். தம்பி, நீ திரும்பிப் பார். இந்தத் தடவை உன்னைத் திட்ட நான் படகில் இருக்க மாட்டேன்.

அப்பா